ஆடவிடாமல் காக்கப்பட்ட ஆட்டக்காரி

1991 ஏப்ரலில் மான்டி கார்லோ களிமண் தரையில் பியான் போர்க் மறுபடி இறங்கியபோது அவர் கையில் இருந்தது மரமட்டை. 26 வயதில் விலகிப்போனவர் 34 வயதில் திரும்பி வந்திருந்தார். நடுவில் டென்னிஸ் உலகமே கிராஃபைட் மட்டைக்கு மாறிவிட்டிருந்தது. 11 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றவரை, ஸ்பெயின்காரர் ஜோர்டி அரேசே 6-2, 6-3 என்று அதிகம் வியர்க்காமல் வீட்டுக்கு அனுப்பினார். நேர்மாறான கணக்கும் உண்டு. 2007-இல் ஓய்வு பெற்ற கிம் கிளைஸ்டர்ஸ், ஒரு மகளைப் பெற்றுக்கொண்டு 2009-இல் திரும்பினார். திரும்பிய மூன்றாவது போட்டித் தொடரிலேயே அமெரிக்க ஓபன் அவருடையது. மறுவருகையை எடைபோடும்போது பழைய பெருமையை ஓரமாக வைத்துவிட வேண்டும். வந்தவர் களத்தில் என்ன செய்தார் என்பதுதான் பேச்சு.

அதே தராசில் இந்த வாரம் ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையை வைக்கிறேன். விளையாட்டுப் பக்கத்தில் காமிக்ஸுக்கு என்ன வேலை என்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். 16 வருட இடைவெளிக்குப் பிறகு, தன்னுடைய பழைய மைதானத்துக்கே திரும்பி வந்த ஒரு சாம்பியனின் கதை இது. பெயர் ‘கார்ட்கேப்டர் சகுரா: கிளியர் கார்ட்’. கிளாம்ப் என்ற நான்கு பெண்கள் அணியின் படைப்பு. கதை நனாசே ஓகாவா. முதன்மை ஓவியர் மோகோனா. கூடவே சுபாகி நெகோயும் சத்சுகி இகராஷியும்.

முதல் இன்னிங்ஸைப் பார்க்காமல் இரண்டாவதைப் பேச முடியாது. 1996-இல் கோடான்ஷா நிறுவனத்தின் ‘நகயோஷி’ மாத இதழில் தொடங்கிய முதல் தொடர், 2000-இல் 50 அத்தியாயங்களோடு 12 தொகுதிகளில் முடிந்தது. இதழின் வாசகர்கள் தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளிச் சிறுமிகள். மந்திரச் சிறுமி கதையான ‘சைலர் மூன்’ வெளிவந்ததும் இதே இதழில்தான். மந்திரச் சிறுமி கதைகளுக்கு ஜப்பானில் 1960-களிலிருந்தே ஒரு மரபு உண்டு. சாதாரணப் பள்ளி மாணவி, ஒரு மந்திரக்கோல், பேசும் ஒரு குட்டிப் பிராணி, யாருக்கும் சொல்லக்கூடாத ரகசியம். கிளாம்ப் அந்த மரபை அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டு இடங்களில் மட்டும் கை வைத்தது. ஒன்று, நாயகி சகுராவுக்கு மந்திரத்தால் உடை மாறுவதில்லை. தோமோயோ என்ற தோழி ஒவ்வொரு வேட்டைக்கும் ஒரு புது உடையைத் தைத்து, மாட்டிவிட்டு, வீடியோவும் எடுத்துக்கொள்வாள். இன்னொன்று, தோற்கடித்து அழிக்கவேண்டிய வில்லன் என்று யாருமே இல்லை. பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருந்த மந்திர அட்டைகள் சகுராவின் கைத்தவறால் ஊருக்குள் சிதறிவிட்டன. அவற்றைத் திரும்பப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

பத்து வயதுப் பெண் எப்படி ஆடினாள் என்பதற்கு ஒரு காட்சி போதும். ‘மிரர்’ என்ற அட்டை சகுராவின் உருவத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் திரிகிறது. அவள் அண்ணன் தோயாவுக்கு அடிபடுகிறது. வந்தது தன் தங்கை இல்லை என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. எதிரில் நிற்பது யார் என்று சகுரா தானே யோசித்துக் கண்டுபிடித்து, அதன் பெயரைச் சொல்லியாக வேண்டும். அட்டை கைக்கு வரும்போது அண்ணனைப் பற்றியும் அவளுக்கு ஒன்று புதிதாகத் தெரிந்திருக்கிறது. முதல் தொடரின் இலக்கணமே இதுதான்: சிக்கல் வரும், சகுரா யோசிப்பாள், முடிவெடுப்பாள், அதனால் ஏதோ ஒரு உறவு ஓர் அங்குலமாவது நகரும்.

பின்பாதியில் ஆட்டம் இன்னும் கனத்தது. பிடித்த அட்டைகளை அவள் தன்னுடைய சக்தியால் புதுப்பிக்க வேண்டும். அதற்கே அவள் பலம் போதவில்லை. அவளுடைய சக்தியை நம்பி வாழும் யூவே என்ற காவலன் தேய ஆரம்பிக்கிறான். யூவேயின் மறுவடிவமான யுகித்தோதான் அவள் மனசுக்குள் வைத்திருக்கும் பையன். தோயா தன்னிடம் இருந்த அமானுஷ்ய சக்தி முழுவதையும் யூவேக்குக் கொடுத்து அவனைக் காப்பாற்றுகிறான். சகுரா போய் யுகித்தோவிடம் தன் மனசைச் சொல்கிறாள். உனக்கு என்மேல் இருப்பது அப்பாமேல் இருக்கிற பாசம் மாதிரியானது என்று அவன் பக்குவமாகச் சொல்லி அனுப்புகிறான். அவள் அழுவது வகுப்புத் தோழன் ஷாவோரான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. சிறுமிகளுக்கான பத்திரிகையில் முதல் நிராகரிப்பை இவ்வளவு மரியாதையாக எழுதியவர்கள் குறைவு. இந்தக் காட்சியின் வெற்றியில் மந்திரத்துக்குப் பங்கே கிடையாது.

அந்தத் தொடர் முடிந்த இடத்திலிருந்தே, 2016-இல், ‘கிளியர் கார்ட்’ ஆரம்பிக்கிறது. சகுரா இப்போது நடுநிலைப்பள்ளி முதலாம் ஆண்டு; நம் கணக்கில் ஏழாம் வகுப்பு. ஹாங்காங் போயிருந்த ஷாவோரான், இப்போது அவள் காதலன், திரும்பி வந்துவிட்டான். ஒரு கனவுக்குப் பிறகு அவளுடைய அட்டைகள் எல்லாம் வெறும் கண்ணாடித் தகடுகளாகி நிற்கின்றன. புதுச் சாவி, புதுக்கோல், ஒளி ஊடுருவும் புது அட்டைகள். வகுப்புக்கு அகிஹோ என்று ஒரு புது மாணவி வருகிறாள். அவளோடு கைத்தோ என்ற மர்மமான பணியாளன், மோமோ என்ற முயல்பொம்மை. கதையின் திறப்பு என்ற அளவில் இதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. முதல் சில தொகுதிகளைப் புரட்டியவர்கள் பழைய கை இன்னும் படிந்துதான் இருக்கிறது என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு ஸ்கோர்கார்டைப் பாருங்கள். 80 அத்தியாயங்கள், 16 தொகுதிகள், முடிய ஏழரை வருடம். முதல் தொடர் நாலு வருடத்துக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொண்டது. அந்த நாலு வருடத்தில் சகுரா நாலாம் வகுப்பிலிருந்து நடுநிலைப்பள்ளி வாசல்வரை வளர்ந்தாள். அவளோடு படித்தவர்களும் வளர்ந்தார்கள். இரண்டாவது தொடரில் கதைக்குள் ஒரு பள்ளியாண்டு நகர்வதே பெரும்பாடு. 2016-இல் 12 வயதில் முதல் அத்தியாயத்தைப் படித்த சிறுமிக்குக் கடைசி அத்தியாயம் வரும்போது 19 வயது. அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். சகுரா இன்னும் பள்ளி நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வேகம் குறைவு என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பலரும் அதைத்தான் சொன்னார்கள். என்னைக் கேட்டால், மெதுவாக ஆடுவது குற்றமே இல்லை. டெஸ்ட் ஆட்டத்தை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது புரியும். கோளாறு வேறிடத்தில். இந்தத் தொடரில் சகுராவை யாரும் ஆடவே விடவில்லை.

புது அட்டைகள் எங்கிருந்து வருகின்றன? அவளிடமிருந்துதான். கட்டுக்கடங்காமல் வளரும் அவள் சக்தியே, அவளுக்குத் தெரியாமல், அட்டைகளாக உருவெடுக்கிறது. நல்ல கற்பனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதனால் எதிரணி காணாமல் போய்விட்டது. அவளே வீசி அவளே அடிக்கிறாள், அதுவும் அவளுக்குத் தெரியாது. ஒன்று தோன்றும், ஏற்கெனவே கையில் இருக்கும் அட்டையால் அதை மடக்குவாள், அடுத்தது தோன்றும். ‘மிரர்’ காட்சியில் இருந்த யோசனைக்கோ, தப்பாகப் போய்விடுமோ என்ற பயத்துக்கோ இங்கே இடமில்லை. பிடித்த பிறகு எந்த உறவும் நகர்வதில்லை. தோமோயோ வீடியோவில் பதிந்துகொள்கிறாள், எல்லோரும் கேக் சாப்பிடுகிறார்கள். கேக்குகள் அழகாகவே வரையப்பட்டிருக்கின்றன, அதைச் சொல்லியாக வேண்டும்.

இதற்கிடையில் உண்மை தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஷாவோரானுக்குத் தெரியும், அவள் நன்மைக்காக என்று அவளுடைய பழைய அட்டைகளை மறைத்து வைத்திருப்பதே அவன்தான். பழைய தொடரில் வந்த, இப்போது இங்கிலாந்தில் இருக்கும் நண்பன் எரியோலுக்குத் தெரியும்; அவள் அனுப்பும் செய்திகளுக்குப் பதில் போடாமல் இருக்கிறான். தோயாவுக்கு ஏதோ புது சக்தி வந்திருக்கிறது, வாய் திறப்பதில்லை. அகிஹோ யார், அவளுக்குள் என்ன இருக்கிறது என்பது கைத்தோவுக்குத் தெரியும், அவளிடமே சொல்வதில்லை. கேப்டனைத் தவிர அணியில் பாதிப் பேருக்கு ஆட்டத்தின் நிலவரம் தெரிந்திருக்கிறது. தொகுதி தொகுதியாக யாராவது ஒருவர் ஜன்னலோரம் நின்று, கண்ணைத் தாழ்த்தி, அர்த்தம் பொதிந்த அரை வாக்கியம் ஒன்றை விட்டுவிட்டுப் போகிறார். மர்மக்கதை என்றால் துப்புகள் வாசகருக்குக் கிடைக்க வேண்டும். இங்கே துப்பு கிடைப்பதில்லை, பெருமூச்சுதான் கிடைக்கிறது.

இன்னும் மோசம், கைத்தோவின் காலமந்திரம். நிலைமை கைமீறும்போதெல்லாம் அவன் நேரத்தைப் பின்னோக்கித் திருப்பிவிடுகிறான், நடந்தது நடக்காததாகிவிடுகிறது. அப்படிச் செய்யச் செய்ய அவன் உடம்பு கெடுகிறது என்ற விலை வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் வாசகர் கொடுக்கும் விலை என்ன? வருடக்கணக்காகக் காத்திருந்து வந்த ஒரு திருப்பத்தை அழித்துவிட்டு மறுபடி காத்திரு என்றால், அடுத்த திருப்பத்துக்கு யார் நிமிர்ந்து உட்காருவார்கள்? 2018-இல் மேட்ஹவுஸ் தயாரித்த 22 பகுதி அனிமே (அசைபடத் தொடர்) இந்த வினையில் நேராகவே மாட்டிக்கொண்டது. மூலக்கதை அப்போது முடிவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஷாவோரான் உண்மையைச் சொல்லும் காட்சிவரை இழுத்துக்கொண்டுபோய், நேரத்தைத் திருப்பி, திரையை மூடினார்கள். பழைய 70 பகுதித் தொடரை இயக்கிய மோரியோ அசாகாதான் இதற்கும் இயக்குநர். 1998-இல் தொடங்கிய அந்தத் தொடரில் அவருக்கு நிறைய இடம் இருந்தது. மூலச் சித்திரக்கதையான மாங்காவில் 19 ஆக இருந்த அட்டைகளை 50-க்கு மேல் பெருக்கி, கூடுதல் கதைகளைத் தைரியமாகச் சேர்த்தார். இந்த முறை அவருக்குக் கிடைத்தது பாதி கட்டிய வீடு.

இத்தனைக்கும் நடுவே கிளாம்ப் கையில் ஒரு அருமையான விஷயம் சிக்கியிருந்ததுதான் ஆற்றாமை. 12, 13 வயதுப் பிள்ளைகளின் தீராத மனக்குறை எது? உனக்கு இப்போது தெரியவேண்டாம் என்று பெரியவர்கள் கதவைச் சாத்துவது. அதுவும் பாசத்தோடு சாத்துவது. ‘கிளியர் கார்ட்’ அதைத்தான் 16 தொகுதிகள் பேசுகிறது. அண்ணன், காதலன், தூரத்து நண்பன் எல்லோரும் உன் நல்லதுக்குத்தான் என்று மறைக்கிறார்கள். நடுநிலைப்பள்ளி வாசகிக்கு இதைவிடப் பக்கத்தில் வரும் கதை எது? ஆனால் சகுரா ஒரு தடவைகூட உருப்படியாகக் கோபப்படவில்லை. என்னுடைய அட்டையை என்னிடம் கேட்காமல் ஏன் எடுத்தாய் என்று அவள் ஷாவோரான் சட்டையைப் பிடித்திருந்தால், மீதித் தொகுதிகளின் தலையெழுத்தே மாறியிருக்கும். தொடக்கப்பள்ளியிலேயே காதலைச் சொல்லி, நிராகரிப்பை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றவள், நடுநிலைப்பள்ளியில் புன்னகைத்து, நன்றி சொல்லி, கன்னம் சிவக்கிறாள். வளரவேண்டிய இடத்தில் அவளைச் சின்னவளாக்கிவிட்டார்கள்.

யாருக்காக இப்படி? 20-ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்தையொட்டி வந்த தொடர் இது. முதல் தொடரைச் சிறுவயதில் படித்தவர்களுக்கு அப்போது 30 வயதை ஒட்டியிருக்கும். அவர்களுக்கு சகுரா மாறக்கூடாது. அதே சிரிப்பு, அதே ரோலர் ஸ்கேட், அதே உடைகள், வெட்கப்படும் ஷாவோரான். பத்திரிகை சிறுமிகளுடையது, விருந்து அவர்களின் அக்காமார்களுக்கு. எரியோல் யார், அட்டைகளைப் படைத்த கிளோ ரீட் யார் என்று தெரியாமல் புதிதாக நுழையும் ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குக் கதை கைகொடுப்பதே இல்லை. போர்க்காவது மரமட்டையைத் தானே விரும்பி எடுத்து வந்தார். இங்கே ரசிகர்கள் கேட்டார்கள் என்று ஆட்டக்காரியின் கையில் திணித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மோகோனாவின் கோடுகளில் எனக்குப் புகார் அதிகமில்லை. பழைய தொடரில் பூக்களும் ரிப்பன்களும் பக்கத்தை நிறைத்தன; இப்போது கோடு மெலிந்து, வெள்ளை கூடியிருக்கிறது. வண்ணப் பக்கங்கள் இன்றும் கண்ணை நிறுத்துகின்றன. சண்டைக் காட்சிகளில் மட்டும் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது பறக்கும் இறகுகளுக்குள் தொலைந்துபோகிறது.

அகிஹோவுக்குத் தனியாகக் கைதட்ட வேண்டும். மந்திரவாதிகள் பரம்பரையில் சக்தியே இல்லாமல் பிறந்து, அதனாலேயே ஒரு கருவியாக மாற்றப்பட்ட பெண். சகுராவின் மறுபக்கம். ‘கடிகார நாட்டில் ஆலிஸ்’ என்ற புத்தகத்தை அணைத்துக்கொண்டு அவள் தனியாக நிற்கும் பக்கங்களில் பழைய கிளாம்ப் தெரிகிறது. தொடர் அவள் பெயரில் வந்திருந்தால் எட்டுத் தொகுதியில் ஒரு செவ்வியல் படைப்பு கிடைத்திருக்கும்.

கிளாம்பின் பதிவேட்டைப் பார்த்தால் இது திடீரென்று வந்த நோய் இல்லை. 1992-இல் தொடங்கிய ‘எக்ஸ்’ 2003-இல் நின்றது, நின்றதுதான். சகுரா, ஷாவோரான் பெயர்களையே வேறு உலகத்தில் வைத்து ஆடிய ‘சுபாசா’ 28 தொகுதிகள் போய், நகல் மனிதர்களும் காலச்சுழலும் பின்னிக்கொண்டதில் யார் அசல் என்று கேட்டால் வாசகர்கள் காகிதமும் பேனாவும் எடுக்கும் நிலைக்கு வந்தது. அந்தப் பின்னல் ஆசை, ‘சுபாசா’ வந்த பையன்களுக்கான வாரப் பத்திரிகையிலிருந்து, எளிமைதான் பலம் என்று இருந்த இந்தத் தொடருக்குள்ளும் நுழைந்துவிட்டது.

அனிமேயின் தொடர்ச்சி வருகிறது என்று 2023-இல் அறிவித்திருக்கிறார்கள். மாங்கா முடிந்துவிட்டதால் முழுக்கதையும் இப்போது தயாரிப்பாளர்கள் கையில் இருக்கிறது. இயக்குநர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் முதல் வேலையாக நேரத்தைத் திருப்பும் காட்சிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டலாம். அட்டைகள் யாரிடமிருந்து வருகின்றன என்பதை மூன்றாவது பகுதிக்குள் சகுராவிடம் சொல்லிவிடலாம். சொன்ன பிறகு அவளை ஒரு பகுதி முழுக்க ஷாவோரானோடு பேசாமல் இருக்கவிடலாம்.