எந்த ஐ5? 7200யூ, 8250யூ புரோசசர்கள் – ஓர் ஒப்பீடு



படிவம் 4 மாணவி ஒருவரின் அப்பா வாட்சப்பில் இரண்டு விளம்பரப் படங்களை அனுப்பிவிட்டுக் கேட்டார்: "டீச்சர், 2.5 தானே பெருசு? அப்புறம் ஏன் 1.6-க்குக் கூடக் காசு கேக்குறாங்க?"

இரண்டும் பயன்படுத்திய மடிக்கணினிகள். ஒரே அளவு திரை, இரண்டிலும் 'இன்டெல் கோர் ஐ5' ஸ்டிக்கர். ஒன்றில் ஐ5-7200யூ, 2.5 ஜிகாஹெர்ட்ஸ். மற்றதில் ஐ5-8250யூ, 1.6 ஜிகாஹெர்ட்ஸ். இரண்டாவதற்கு 150 ரிங்கிட் கூடுதல். நியாயமான கேள்விதான். 2.5 பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் நம் ஆசிரியர்களிலேயே சிலர் இருக்கிறார்கள். ஓராண்டு கழித்து "ஐ5 வாங்கியும் ஸ்லோவா இருக்கு" என்று சொல்வார்கள்.

(புரோசசரைத் தமிழில் 'செயலி' என்று எழுதலாம். ஆனால் நம் ஊரில் 'செயலி' என்றால் மாணவர்களுக்குக் கைப்பேசியில் இருப்பதுதான் நினைவுக்கு வருகிறது. குழப்பம் வேண்டாம், புரோசசர் என்றே எழுதுகிறேன்.)

ஐ5-7200யூ 2016-இல் வந்தது. ஐ5-8250யூ 2017-இல் வந்தது. ஓராண்டு இடைவெளியில் என்ன பெரிதாக மாறியிருக்கும் என்று தோன்றலாம். மாறியது கோர்களின் எண்ணிக்கை. அதுவரை பல ஆண்டுகளாக, மெல்லிய மடிக்கணினிகளுக்கான 'யூ' வகை ஐ5 எல்லாம் இரண்டு கோர் கொண்டவைதான். 8250யூ-வில் அது நான்கானது. ஒரே நேரத்தில் 4 வேலை வரிசைகளைக் கையாண்ட இடத்தில் இப்போது 8. கேஷ் நினைவகமும் 3 எம்பி-யிலிருந்து 6 எம்பி ஆனது. ஸ்டிக்கர் மட்டும் மாறவில்லை. என் குறை அங்கேதான். இரண்டு கோருக்கும் நான்கு கோருக்கும் ஒரே பெயரை வைத்து விற்றால், சாதாரண மனிதர் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்?

அந்த 1.6 எங்கிருந்து வந்தது? சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு கேஸ்தான் வருகிறது. இரண்டு பர்னர் அடுப்பில் இரண்டையும் நன்றாக எரிய விடலாம். நான்கு பர்னர் அடுப்பில் நான்கையும் ஒன்றாகப் பற்றவைத்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் குறைந்து எரியும். இந்த இரண்டு புரோசசருக்கும் மின்சார வரம்பு ஒன்றே: 15 வாட். நான்கு கோரும் நீண்ட நேரம் சேர்ந்து உழைத்தாலும் இதற்குக் கீழே போகாது என்று நிறுவனம் சொல்லும் அடிப்படை வேகம்தான் 1.6. ஒரு பானைதான் அடுப்பில் இருக்கிறது என்றால் தீயைக் கூட்டலாம். அப்போது 8250யூ 3.4 வரை போகும், 7200யூ 3.1 வரைதான். ஒவ்வொரு கோரின் உள்ளமைப்பும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஒற்றை வேலையில் வேறுபாடு சுமார் 10 விழுக்காடு. கண்ணுக்கே தெரியாது.

தமிழில் தட்டச்சு செய்ய, பழைய எஸ்பிஎம் வினாத்தாளைத் திறந்து படிக்க, யூடியூப் பார்க்க மட்டும் என்றால் 7200யூ போதும். சிறுகதைத் திறனாய்வு எழுத நான்கு கோர் எதற்கு? காணொளி ஓட்டும் கிராஃபிக்ஸ் பகுதியும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். எச்டி 620 என்பதற்கு யூஎச்டி 620 என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.

வேறுபாடு தெரிவது வகுப்பில். என் பழைய 7200யூ-வில் கூகுள் மீட் நடத்தி, பவர்பாயிண்ட்டைத் திரையில் பகிர்ந்து, பின்னால் குரோமில் ஏழெட்டு டேப் திறந்திருந்தால், டாஸ்க் மேனேஜரில் சிபியூ 100-ஐத் தொட்டு நிற்கும். என் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்று மாணவர்கள் சொல்வார்கள். இணையம்தான் சரியில்லை என்று நானும் ரொம்ப நாள் நம்பினேன். அதே வீட்டில், அதே இணையத்தில், தம்பியின் 8250யூ-வை வாங்கி வகுப்பு நடத்தியபோது அந்தத் தொல்லை இல்லை. பாடக் காணொளி வெட்டி ஒட்டுவதிலும் அப்படித்தான். பல கோர்கள் சேர்ந்து செய்யும் வேலை அது. இன்டெல் அப்போது முந்தைய தலைமுறையைவிட '40 விழுக்காடு வரை' கூடுதல் திறன் என்று அறிவித்தது. 'வரை' என்ற சொல்லைத் தமிழாசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

8250யூ-வுக்குக் குறையே இல்லையா? உண்டு. மெல்லிய உடலுக்குள் நான்கு கோர் சேர்ந்து உழைத்தால் சூடு ஏறும். முதல் சில நொடிகள் பறக்கும், பிறகு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசி அடைத்த பழைய மெஷின் என்றால் இன்னும் மோசம். வாய்மொழிப் பயிற்சிக்குக் குரல் பதிவு செய்யும்போது தம்பியின் மடிக்கணினி விசிறிச் சத்தமும் சேர்ந்தே பதிவாகும். வாங்கியதும் கடையிலேயே விசிறியைச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்கும் உள்ள 8250யூ, 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள 7200யூ-விடம் அன்றாட வேலையில் தோற்கும். திறக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கும் கணினியில் எத்தனை கோர் இருந்து என்ன பயன்? இதை வைத்து "புரோசசர் முக்கியமில்லை, எஸ்எஸ்டி இருந்தா போதும்" என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. பாதிதான் உண்மை. எஸ்எஸ்டியைப் பிறகு மாற்றலாம். ரேமையும் பல மாடல்களில் கூட்டலாம் (சிலவற்றில் போர்டோடு ஒட்டியிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்). ஆனால் இந்த இரண்டு புரோசசரும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. கழற்றி வேறு போட முடியாது. பின்னால் மாற்ற முடியாத பொருளுக்குத்தான் முதலில் காசு கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டெல் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. 8250யூ அதில் இருக்கிறது. 7200யூ இல்லை. வெறும் ஓராண்டு வித்தியாசத்தில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே! நன்றாக ஓடும் கணினியை இப்படி ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் வாங்கப் போகிறவர் என் கோபத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தரும் கடைகள் உண்டு. அப்படிப் போட்டால் பின்னால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை.

ஏற்கெனவே வீட்டில் 7200யூ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். லினக்ஸ் மின்ட், குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் இரண்டும் இலவசம். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். தம்பி தங்கையின் வீட்டுப்பாடத்துக்கு அது தாராளம். புதிதாகக் காசு போட்டு வாங்குவதென்றால் மட்டும், 200 ரிங்கிட் வரை கூடுதலானாலும் நான் 8250யூ-வையே எடுப்பேன்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். "ஐ5 வேண்டாம் அக்கா, அதே விலைக்கு ஐ7 தர்றேன்" என்பார்கள். ஐ7-7500யூ-வும் இரண்டு கோர்தான். விண்டோஸ் 11 பட்டியலில் அதுவும் இல்லை. ஐ5, ஐ7 என்ற எழுத்தைப் பார்க்காமல், கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண்ணைப் பாருங்கள். 7 என்றால் ஏழாம் தலைமுறை, 8 என்றால் எட்டு. ஸ்டிக்கரை நம்பாமல் கடையிலேயே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போங்கள். புரோசசரின் முழுப் பெயரும் கோர் எண்ணிக்கையும் அங்கே இருக்கும். ஒரு நிமிட வேலை.

அந்த அப்பாவிடம் இதைத்தான் சுருக்கமாகச் சொன்னேன். மறுநாள் கடையிலிருந்து படம் அனுப்பினார். ஐ5-8250யூ, கோர் 4, லாஜிக்கல் புரோசசர் 8. ரேம் மட்டும் 4 ஜிபி. "அதே விலைக்கு 8 போட்டுத் தரச் சொல்லிப் பேசிக்கிட்டு இருக்கேன் டீச்சர்" என்று கீழே எழுதியிருந்தார்.