நடுகல் மரபும் ஈப்போ நினைவுத்தூணும்

போரில் மாண்டார்க்குக் கல் எடுப்பது தமிழர்க்குப் புதிதன்று. தக்க கல்லைக் காண்பது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக, அதற்குரிய நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கின்றது. வீரனுடைய பெயரையும் பெருமையையும் அக்கல்லில் எழுதும் வழக்கத்தைச் சங்கச் செய்யுட்கள் குறிக்கின்றன. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் இதற்குத் தக்க சான்று. 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்மன் காலத்தில் எழுந்த அக்கல், பட்ட வீரனை மட்டுமன்றி, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சுட்டிப் போற்றுகின்றது. நடுகல்லின் உயிர் பெயரே. சிற்பம் அதற்குத் துணை.

இவ்வளவுகோலைக் கொண்டு மலேசியப் போர் நினைவுச் சின்னங்களை நோக்குதல் பயன் தரும்.

ஈப்போ ரயில் நிலையத்தின் எதிரே நிற்கும் நினைவுத்தூண், முதல் உலகப் போரில் (1914–1918) உயிர் நீத்த பேராக் மாநிலத்தாருக்காக எழுப்பப்பெற்றது. பின்வந்த போர்களில் மாண்டோர் நினைவும், சயாம்–பர்மா ரயில்பாதையில் மடிந்தோர் நினைவும் பிற்காலத்தே அதனோடு சேர்ந்தன. வேறிடத்தில் கிடக்கும் உடலுக்காக இங்கு எழுப்பும் வெற்றுக் கல்லறை என்பதே இவ்வகைத் தூணின் கருத்து. ஆரவாரமின்மையே இதன் அழகு.

கோலாலம்பூரில் 1966 பிப்ரவரி 8ஆம் நாள் திறக்கப்பெற்ற தேசிய நினைவுச் சின்னம் இதற்கு நேர்மாறானது. அது போற்றும் அவசரகாலப் போருக்குத் தோற்றுவாயான கொலைகள், 1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் நிகழ்ந்தவை. ஐவோ ஜீமா வீரர் சிலையை வடித்த பெலிக்ஸ் டி வெல்டனே இதனையும் வடித்தார். சுமார் 15 மீட்டர் உயரம். வெண்கல உருவங்கள் ஏழு. கொடி ஏந்தியவன் உச்சியில் நிற்க, பகைவர் இருவர் காலடியில் வீழ்ந்து கிடக்கின்றனர். தலைமை, துணிவு, தியாகம் முதலிய பண்புகளை இவ்வுருவங்கள் காட்டுவனவாம். பண்புக்கு உருவம் கிடைத்தது. ஆனால் எந்த மனிதனும் அங்குத் தன் தந்தையைக் காண இயலாது. வெற்றியைப் பேசும் அச்சிற்பம் இழப்பைப் பேசவில்லை.

வாஷிங்டனில் 1982இல் எழுந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரோ பெயர்களையே சிற்பமாக்கியது. மாயா லின் என்னும் இளம் மாணவி வகுத்த அமைப்பு அது. கருங்கல்லில் 58,000க்கு மேற்பட்ட பெயர்கள், பதவி வேறுபாடின்றி, மாண்ட நாளின் வரிசையில் பொறிக்கப்பெற்றன. உருவமில்லை எனக் குறை கூறியவர்களுக்காக 1984இல் மூன்று வீரர் சிலைகள் அருகே வைக்கப்பட்டன. எனினும் மக்கள் விரலால் தடவி நிற்பது பெயர்களைத்தான். நடுகல் அறிந்த தமிழர்க்கு இதில் வியப்பில்லை.

இனி, பேராக்கின் இழப்புக்கு வருவோம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் பாதையை 1942–1943இல் ஜப்பானியர் அமைத்தபோது, போர்க்கைதிகள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் சுமார் 90,000 பேர் மடிந்திருக்கலாம் என மதிப்பிடுவர். மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல் உண்டு. தொழிலாளர்க்கு வாய்த்ததோ பொதுக்குழி. சிப்பாய் அல்லாதவன் போர் வீரன் ஆகான் என்னும் வரையறையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். நாள்தோறும் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய மனிதர், இறந்தபின் வெறும் எண்ணிக்கையாகினர்.

கல் மறந்ததை ஏடு ஓரளவு ஈடு செய்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் இத்துயரையே பொருளாகக் கொண்டவை. பின்னவர் தம் நூலுக்கு இட்ட பெயரே ஒரு கண்டனம் எனலாம். 2024இல் காஞ்சனபுரியில் இத்தமிழர்க்கு நடுகல் எழுந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் மாண்டோர் பெயர்ப் பட்டியல் என்னும் கடன் இன்னும் தீரவில்லை.

முழுப் பட்டியல் இனிக் கிட்டாதே என்பர் சிலர். கிட்டாதது உண்மையே. ஆயினும் நூறு பெயர் கொண்ட கல், பெயரில்லாத கல்லினும் சிறந்ததன்றோ? ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன, லயங்கள் மறைந்தன. எனினும் தோட்டத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்பவை தமிழ்ப்பள்ளிகள். அப்பள்ளி ஆசிரியர்கள் சுற்றுவட்டக் குடும்பங்களில் வாய்மொழியாக வழங்கும் பெயர்களை, ஊரும் உறவும் குறித்துத் திரட்டுவாராயின், ஈப்போ நினைவுத்தூணுக்கு உரிய எழுத்து கிடைத்துவிடும். கல் ஏற்கெனவே நிற்கின்றது. பெயரும் பீடும் எழுதுவதே எஞ்சியுள்ள பணி.