கிண்ணத்தோடு நின்றவர்கள்

சைபீரியாவின் கிழக்குக் கோடியான கம்சட்காப் பகுதியில் வாழும் கொரியாக் மக்களைப் பற்றி வெளியுலகம் நினைவில் வைத்திருப்பது அநேகமாக ஒரே சங்கதியைத்தான்: வெண்புள்ளியிட்ட சிவப்புக் காளானைத் தின்று வெறியேறியவரின் சிறுநீரை மற்றவர்கள் வாங்கிக் குடித்தார்கள் என்பது. இதை ஐரோப்பாவுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஸ்ட்ராலென்பெர்க். 1709இல் பொல்தாவாப் போரில் ரஷ்யரிடம் பிடிபட்டு, சைபீரியாவின் தோபொல்ஸ்க் நகரில் கைதியாக வைக்கப்பட்டிருந்த சுவீடன் அதிகாரி. அவருடைய நூல் 1730இல் வெளிவந்தது.

அந்தப் பகுதியைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். வசதியுள்ளவர்கள் காளானைச் சேமித்து வைத்திருந்து, விருந்து நாளில் அவித்து அந்த நீரைக் குடிக்கிறார்கள். வாங்க வழியற்ற ஏழைகள் குடிசையைச் சுற்றி மரக்கிண்ணங்களோடு காத்திருக்கிறார்கள். உணவகக் குசினியில் நிற்பவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அந்த வாசல்தான் முதலில் தெரிந்தது. ஸ்ட்ராலென்பெர்க்கின் அருவருப்புக்குள்ளும் உள்ளவர் இல்லாதவர் கணக்கு இருக்கிறது. அவரை எடுத்தாண்டவர்கள் பலர் சிறுநீரை வைத்துக்கொண்டு ஏழ்மையை விட்டுவிட்டார்கள்.

ஜோகெல்சனும் சைபீரியாவுக்குத் தன் விருப்பத்தில் போனவரல்லர். ஜார் ஆட்சி அங்கே கடத்திவிட்ட புரட்சிக்காரர். தண்டனைக் காலம் முடிந்தபின் ஆய்வாளராகத் திரும்பிப் போய், 1900-01இல் கொரியாக் மக்களிடையே தங்கி எழுதினார். அவரும் சிறுநீர் விடயத்தை மறைக்கவில்லை. ஆனால் கதையையும் கேட்டிருக்கிறார். பெரிய காகத்தால், தான் பிடித்த திமிங்கிலத்தின் வழிச்சாப்பாட்டுப் பையைத் தூக்க முடியவில்லை. மேலுலகத்தில் இருப்பவர் நிலத்தில் துப்புகிறார். அந்த எச்சிலில் காளான் முளைக்கிறது. தின்ற காகம் பையைத் தூக்கி, திமிங்கிலத்தைக் கடலுக்கு அனுப்பிவிடுகிறது. இங்கே காளான் பாரம் தூக்கும் பலம். வெறும் கேளிக்கை அல்ல.

பிறகு வந்தவர் வாஸன், அமெரிக்க வங்கியாளர். இருக்கு வேதத்துச் சோமம் இந்தக் காளான்தான் என்று 1968இல் நூலெழுதினார். பழைய பயணக் குறிப்புகளை அவர் தொகுத்துத் தந்ததற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சோமம் பற்றிய வழக்கை சமஸ்கிருத அறிஞர்கள் பேசட்டும். அவர்களிற் பலர் ஏற்கவில்லை. என் மனத்தாங்கல் வேறு. அந்த வழக்கில் கொரியாக் மக்கள் சாட்சிக் கூண்டில் மட்டும் நிற்கிறார்கள். இன்னொருவரின் கடவுளை நிரூபித்ததும் அவர்களுடைய வேலை முடிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் அவர்கள் செய்தது மூடத்தனமல்ல. காளான் காயும்போது அதிலுள்ள இபோட்டெனிக் அமிலத்தின் ஒரு பகுதி மஸ்சிமோலாக மாறுகிறது. போதை தருவது பெரும்பாலும் அதுதான். அதிற் கணிசமான பங்கு உடலில் அழியாமல் சிறுநீரோடு வெளியேறுகிறது. ஆய்வுகூடம் எதுவும் பார்க்காத அந்த ஏழைகள் கிண்ணத்தோடு வெளியே நின்றது இது தெரிந்துதான்.