முன்னிலை வழக்கும் ஆங்கிலப் பழநாடகங்களின் தமிழாக்கமும்

நாடக மொழிபெயர்ப்பின் நிறைகுறைகளை ஆராயுங்கால் யாப்பு, உவமை, பண்பாட்டுச் சொற்கள் ஆகியன முதற்கண் கருதப்படுகின்றன. முன்னிலைப் பெயர் சிறுசொல் ஆதலின் எளிதில் விடுபட்டுப் போகிறது. ஆயினும், ஆங்கிலத்தின் இடைக்கால நாடகங்களிலும் ஷேக்ஸ்பியர் கால நாடகங்களிலும் கதைமாந்தரின் உறவு மாறுவதைக் காட்டும் முதன்மையான கருவிகளுள் ஒன்று அச்சிறுசொல்லேயாகும். அதனைத் தமிழில் பேணுதல் இயலுமா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

இருமொழி வரலாறு

ஆங்கிலத்தில் 'தௌ' ஒருமை, 'யூ' பன்மை. பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடங்கிப் பிரெஞ்சு வழக்கின் சார்பால் பன்மை வடிவம் ஒருவரை மதித்து விளிக்கவும் பயின்றது. பதினேழாம் நூற்றாண்டில் 'தௌ' பொதுவழக்கிலிருந்து தேய்ந்து, வட்டார வழக்கிலும் சமய வழக்கிலும் எஞ்சியது.

தமிழிலும் தொடக்கம் இதுவே. 'நீ' ஒருமை, 'நீயிர்' பன்மை. ஒருவரைப் பன்மையாற் கூறுதலை உலக வழக்கின் உயர்சொல்லாகத் தொல்காப்பியம் ஏற்கிறது. எனினும் அதனை இலக்கண நெறியாகக் கொள்ளவில்லை. பின்னர் 'நீர்' மதிப்பொருமை ஆயிற்று. அதன்மேல் 'நீங்கள்', 'தாங்கள்' என்பன எழுந்தன. ஆங்கிலம் தாழ்படியை இழந்தது. தமிழோ 'நீ' என்பதை இழவாமல் மேற்படிகளைக் கூட்டிக்கொண்டது. ஆகவே இக்காலத்து ஆங்கில வாசகர் அடிக்குறிப்பின் துணைகொண்டு அறிவதனைத் தமிழ் வாசகர் செவியாலேயே உணர வாய்ப்பு உண்டு.

நாடகச் சான்றுகள்

'ஹாம்லெட்' நாடகத்தில் தாயின் அறையில் நிகழும் காட்சி இதற்குத் தக்க சான்று. அரசி மகனைத் 'தௌ' என்று கடிந்து தொடங்குகிறாள். மகன் அவள் வாக்கியத்தையே திருப்பி, 'யூ' என விடையிறுக்கிறான். மதிப்புச்சொல் இங்கு மதிப்பன்று, விலகல். அடுத்த வரியிலேயே அரசியும் 'யூ' என்பதற்கு மாறுகிறாள். தாய்க்கும் மகனுக்கும் இடையே இருந்த அணுக்கம் இரண்டு வரிகளில் அறுபடுகிறது.

'லியர் மன்னன்' முதற்காட்சியில், மூத்த மகளிரைத் 'தௌ' என விளிக்கும் மன்னன், அன்பிற்குரிய கார்டீலியாவிடம் 'யூ' எனத் தொடங்கிச் சினம் முற்றியதும் 'தௌ' என்கிறான். இதனைத் தடுக்க முனையும் கென்ட் மன்னனையே 'தௌ' என விளிப்பது அவை நடுவே நிகழும் பெருந்துணிவு. 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் அறைகூவல் மடலில் எதிரியைத் 'தௌ' எனப் பலமுறை எழுதுமாறு ஒருவன் அறிவுறுத்துகிறான். இது நாடகக் கற்பனை மட்டுமன்று. 1603ஆம் ஆண்டு வால்ட்டர் ராலே மீதான வழக்கில் அரசு வழக்குரைஞர் எட்வர்ட் கோக் அச்சொல்லையே வசையாக வீசினார்.

ஆயின் 'தௌ' எங்கும் இழிவு குறிப்பதன்று. டௌன்லி கையெழுத்துப் படியிலுள்ள 'இரண்டாம் இடையர் நாடகம்' முடியுமிடத்து, குழந்தை இயேசுவுக்குச் செர்ரிப் பழமும் பறவையும் பந்தும் ஈயும் இடையர் அவரைத் 'தௌ' என்றே அழைக்கின்றனர். பத்தி இலக்கியத்திலும் பிள்ளைத்தமிழிலும் இறைவனை 'நீ' என விளித்துப் பழகிய தமிழ்ச்செவிக்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

தழுவல் நெறியும் மொழிபெயர்ப்பு நெறியும்

1891ஆம் ஆண்டு சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியர் நாடகங்களை 'அமலாதித்யன்', 'மகபதி', 'வாணீபுர வணிகன்', 'சிம்ஹளநாதன்' எனத் தமிழ் மேடைக்குக் கொணர்ந்தார். மூலப்பெயரின் ஒலியை நினைவூட்டும் அப்பெயர்களே அவர்தம் நெறியைப் புலப்படுத்தும்: கதை இந்நாட்டு அரசவைக்குப் பெயர்க்கப்படுகிறது. மேடைக்கு இந்நெறி ஆற்றிய பணி பெரிது. ஆனால் கதையை இந்நாட்டு அரசவையில் அமைக்குந்தோறும் அவ்வவையின் மதிப்பு முறையும் உடன் வருகிறது. தாய்க்கு இன்ன சொல், மன்னனுக்கு இன்ன சொல் என உறவும் நிலையுமே முன்னிலையை உறுதிசெய்துவிடின், காட்சியினுள் நிகழும் பிறழ்வு தோன்ற இடமில்லாது போகும். இவ்விடர்ப்பாடு தழுவல் நெறிக்கே உரியது, தனியொருவர் குறையன்று.

மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளத்தக்க முறை வேறு. சொல்லுக்குச் சொல் நிகர் காணாமல், மாற்றத்திற்கு மாற்றம் காண வேண்டும். மேற்கூறிய காட்சியில் அரசி 'நீ' எனத் தொடங்க, மகன் 'தாங்கள்' என விடையிறுக்க, அரசி 'நீர்' எனக் குளிர்ந்த குரலில் மாறுவாளாயின் மூலத்தின் பிளவு தமிழில் நிற்கும். தாய் மகனை 'நீர்' என்பது இயல்பன்று எனக் கருதி அதனை 'நீ' எனத் திருத்துவோர் காட்சியின் நரம்பையே அறுத்தவராவர். தமிழ் வினைமுற்று இடத்தையும் எண்ணையும் தானே காட்டுதலின், பெயரை ஒழித்து 'சொன்னாய்', 'சொன்னீர்' என ஈற்றாலேயே இதனை உணர்த்தலாம்.

இன்றைய இடர்

இடைப்படியான 'நீர்' இன்று எங்கும் ஒரே நிலையில் இல்லை. நெல்லை வழக்கிலும் யாழ்ப்பாண வழக்கிலும் அது உயிருடன் உள்ளது. வேறு பல பகுதிகளில் மேடைச்சொல்லாகவே ஒலிக்கிறது. பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையிலுள்ள சந்தாபுரா போன்ற இடங்களில் தமிழர் நாள்தோறும் கேட்கும் கன்னடத்தில் 'நீனு', 'நீவு' என்னும் இருபடியே உள்ளது. 'தௌ', 'யூ' என்னும் இருமைக்குக் கன்னடம் நேர்நிகர். தமிழ் மிகைவளம் உடையது. அவ்வளம் தேர்வையும் சுமையையும் ஒருங்கே தருகிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் எவ்வட்டாரத்து அவையோருக்கு எழுதுகிறார் என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும்.

முடிவாக, பழைய ஆங்கில நாடகமொன்றைத் தமிழாக்கப் புகுவோர் முதற்படியாக முன்னிலைப் பெயர்கள் மாறும் இடங்களைக் காட்சிதோறும் அட்டவணைப்படுத்திக் கொள்ளுதல் நன்று. மதிப்புச்சொல் அகராதியில் ஒரு பொருள் உடையது. நாடகத்திலோ அது முன்வந்த சொல்லை நோக்கியே பொருள்படும்.