இடது பக்கத்துக் கள்வன்

ஆவூர் பெரியநாயகி மாதா கோயில் ஈஸ்டர் தேரை எங்கப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவன் நான். எங்க ஊர் ஆவூருக்குப் பக்கம்தான். ஊர்ப்பேர் இங்கே வேண்டாம். எங்க ஊரிலும் பாஸ்கா போடுவார்கள். எழுபதுகளில் நான் பார்த்த பாஸ்காவில் இயேசு, பிலாத்து, மாதா வேசமெல்லாம் மேலத்தெருவுக்கு. சவுக்கால் அடிக்கிற சிப்பாய், கொல்லு கொல்லு என்று கத்துகிற கூட்டம், ரெண்டு கள்வர்கள், இதெல்லாம் எங்க தெருவுக்கு. எங்கப்பா வருசா வருசம் இடது பக்கத்துக் கள்வன். சாமியைப் பழிக்கிற கள்வன். அவர் வாயைத் திறந்ததும் கீழே இருக்கிற சனம் காறித் துப்பும்.

"ஏம்ப்பா, ஒங்களுக்கு எப்பவும் இந்த வேசந்தானா?" என்று ஒருநாள் கேட்டேன். "சாமிக்கு இவ்வளவு பக்கத்துல நமக்கு வேற எங்கடா எடம் குடுத்தான்?" என்றார். கோயிலுக்குள்ளே நாங்கள் உட்கார்ந்தது எந்தப் பக்கம், எந்த வரிசைக்குப் பின்னால் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இயேசு கலகக்காரரா என்ற கேள்வியை நம் கூட்டங்களில் பல வருசமாகக் கேட்டு வருகிறோம். ஆமாம் என்று சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். நான் அந்தக் கேள்வியை எங்கப்பாவின் வேசத்திலிருந்து கேட்டுப் பார்க்கிறேன். அந்தக் கள்வன் யார்?

மாற்கு, மத்தேயு நற்செய்திகளின் கிரேக்க மூலத்தில் இயேசுவுக்கு இருபுறமும் தொங்கியவர்களைக் குறிக்கிற சொல் 'லேஸ்தேஸ்'. தமிழில் அது கள்வர் ஆகிவிட்டது. அதே நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ், ரோமை எதிர்த்து ஆயுதத்தோடு மலைகளில் திரிந்தவர்களையும் இந்தச் சொல்லால்தான் ஏசுகிறார். சிலுவை என்பது சில்லறைத் திருட்டுக்கான தண்டனை இல்லை. அடிமைக்கும், கொள்ளைக் கூட்டத்துக்கும், பேரரசை எதிர்த்தவனுக்கும் ரோம் வைத்திருந்த தண்டனை அது. கி.மு. 71இல் ஸ்பார்டகஸின் அடிமைப் படை தோற்றபோது 6,000 பேரைச் சாலையோரம் சிலுவையில் அறைந்தார்கள். கி.மு. 4இல் ஏரோது செத்ததும் கிளம்பிய கலகத்தை அடக்க வந்த வாருஸ் சுமார் 2,000 பேரை அறைந்தான். நாசரேத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த செப்போரிஸ் நகரம் அப்போது எரிக்கப்பட்டது. இயேசு பிறந்த காலமும் ஏறக்குறைய அதுதான். கி.பி. 6இல் ரோம் வரிபோடக் குடிக்கணக்கு எடுத்தபோது, கலிலேயாக்காரன் யூதாஸ் என்ற இன்னொரு யூதாஸ், வரி கொடுப்பது அடிமைத்தனம் என்று சனத்தைத் திரட்டினான். இந்த மண்ணில் வளர்ந்த ஒருவர் 'ராஜ்யம் வருகிறது' என்று பேசினால், கேட்கிறவன் காதில் அது வெறும் ஆன்மிகமாகவா விழும்?

எருசலேம் கோயிலைப் பாருங்கள். தலைமைக் குருவை நியமிப்பதும் நீக்குவதும் ரோம ஆளுநர் கையில் இருந்தது. திருநாளில் உடுத்துகிற தலைமைக் குருவின் அங்கியைக்கூட ரோமப் படை கோட்டையில் பூட்டி வைத்திருந்தது. கைப்பாஸ் கி.பி. 18லிருந்து 36 வரை அந்தப் பதவியில் இருந்தான். பிலாத்து ஆண்ட பத்து வருசமும் அவன் நீக்கப்படவே இல்லை. பாஸ்கா திருநாள் என்பதோ எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடுகிற நாள். ஊர் கொள்ளாத கூட்டம். அந்த நேரத்தில் ஒருவர் கோயில் முற்றத்தில் காசு மாற்றுகிறவன் மேசையைக் கவிழ்க்கிறார். அவர் தலைக்குமேல் எழுதி வைத்த குற்றம் 'யூதர்களின் அரசன்'. இது தேவதூஷணக் குற்றம் இல்லை. ராஜதுரோகக் குற்றம்.

அப்படியானால் அவர் ஆயுதப் போராளியா? பிராண்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1967இல் ஏறக்குறைய அந்தப் பக்கம் சாய்ந்து எழுதினார். 2013இல் ரெசா அஸ்லான் எழுதிய புத்தகம் அதைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒரே காரணம் போதும். ஆயுதக் கூட்டம் என்று ரோம் நினைத்திருந்தால் சீடர்களை விட்டிருக்காது. சில பத்து வருசம் கழித்து எகிப்திலிருந்து வந்த ஒரு தீர்க்கதரிசி கூட்டம் சேர்த்தபோது, ஆளுநர் பெலிக்ஸின் படை 400 பேரைக் கொன்று, 200 பேரைப் பிடித்தது என்று ஜொசிஃபஸ் எழுதுகிறார். இயேசுவின் சீடர்களோ அதே எருசலேமில் தொடர்ந்து இருந்தார்கள். பகைவனை நேசி என்ற பேச்சையும் பிற்சேர்க்கை என்று தள்ளிவிட முடியாது. ஆகவே நான் வந்து சேருகிற இடம் இது: அவர் வாள் எடுக்கவில்லை, ஆனால் அதிகாரம் அவரைக் கலகக்காரன் என்றே கொன்றது. கலகக்காரன் யார் என்று அதிகாரம் முடிவு செய்ய வாள் தேவைப்படுவதில்லை.

இங்கே நம்மவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. யூதர் என்றால் பார்ப்பனர், பரிசேயர் என்றால் பண்ணையார், இயேசு என்றால் தலித் என்று ஒரு வாய்ப்பாடு நம் மேடைகளில் ஓடுகிறது. இயேசு யூதர், அவர் அம்மா யூதச்சி, சீடர்களும் யூதர்கள். அடிமைப்பட்டுக் கிடந்ததே அந்த சனம்தான். யூதர்தான் கொன்றார்கள் என்ற பழியைச் சொல்லிச் சொல்லித்தான் ஐரோப்பா நூற்றாண்டுக் கணக்கில் அவர்களை வேட்டையாடியது. ஹிட்லர் காலத்தில் 60 லட்சம் பேர் செத்த பிறகு, 1965இல்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பழியை யூத இனம் முழுவதன்மேல் சுமத்தக் கூடாது என்றது. பிறப்பைச் சொல்லிப் பழி சுமத்துவது என்னவென்று நமக்குத் தெரியாதா? நாமே அதைச் செய்யலாமா?

இந்தப் பழி எங்கிருந்து வந்தது? நற்செய்திகள் எழுதப்பட்டது ரோம் எருசலேமை அழித்த கி.பி. 70ஐ ஒட்டியும் அதற்குப் பிறகும். ரோம ஆட்சிக்குள் பிழைக்க வேண்டிய சபை, ரோமின் கையில் இருந்த ரத்தத்தைக் கொஞ்சம் துடைத்துவிட்டது. பிலாத்து தண்ணீர் கேட்டுக் கை கழுவுகிறான். பழி கூட்டத்தின்மேல் விழுகிறது. ஆனால் ஜொசிஃபஸ் காட்டுகிற பிலாத்து, கூட்டத்துக்குள் தடியர்களை நுழைத்து அடித்துக் கொல்கிறவன். கடைசியில் சமாரியரைக் கொன்று குவித்ததற்காகவே பதவி போனவன்.

கை கழுவுகிற தண்ணீர் நமக்குப் புதிதா? 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். விசாரணைக் கமிஷன், பெரும்பாலோர் நீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றது, போலீசைக் குற்றம் சொல்லவில்லை. எங்க மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித்துகளின் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது, அந்தத் தெருவைச் சேர்ந்த மூன்று பேர்மேலேயே.

இதையெல்லாம் பார்த்த கண்ணோடு பாஸ்காவைப் பார்க்கும்போது அதன் வேசப் பங்கீடு எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. கை கழுவுகிற பிலாத்து மேலத்தெரு. பழி சுமக்கிற கூட்டம் எங்க தெரு. இதைத் திருச்சபை வரலாறும் சொல்கிறது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி, மதம் மாறிய மேல்சாதியார் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். 1744இல் பறையர்களுக்கென்று தனிக் குருமார் என்ற ஏற்பாட்டைப் போப் பதினான்காம் பெனடிக்ட் ஏற்றுக்கொண்டார். ஆவூர் அப்போது மதுரை மிஷனின் முக்கிய மையம். சிலுவையில் செத்தவரைக் கொண்டு வந்தவர்கள், அவரைச் சாதிக்குப் பணிந்த சாமியாக்கித்தான் எங்க தெருவுக்குக் கொடுத்தார்கள்.

எங்கப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தான் போட்டது திருடன் வேசம் என்றே கடைசிவரை நம்பினார். 'நீங்க அரசாங்கத்தை எதிர்த்தவன் வேசம்ப்பா போட்டீங்க' என்று சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பாஸ்கா எழுதிய பழைய கையெழுத்து நோட்டுகள் நம் தெருக்களில் இன்னும் கிடக்கின்றன. எடுத்துப் படியுங்கள். உங்கள் ஊரில் யாருக்கு எந்த வேசம் என்று எழுதி அனுப்புங்கள். கை கழுவுகிற காட்சியை மாற்றி எழுதி, நம் பிள்ளைகளை வைத்து, நம் தெருவிலேயே ஒருதரம் போட்டுப் பார்ப்போம். இடது பக்கத்துக் கள்வனுக்கு வசனம் நான் எழுதித் தருகிறேன்.