தந்தையைத் தேடும் பிள்ளையும் நமது இலக்கியமும்

மலையகத்தைப் பற்றிய நமது கதைகளில் தாய் நிறைந்து நிற்கிறாள். தந்தையோ பெரும்பாலும் வாசலுக்கு வெளியே நிற்கிறான். புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய 'துன்பக்கேணி'யில் தேயிலைத் தோட்டத்தின் துயரம் மருதி என்னும் பெண்ணின் வாழ்வாகவே உருக்கொள்கிறது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்புக்கும் தன்மானத்துக்கும் சான்று கூறுகிறது. இவை நமது பெருமைக்குரிய சிருஷ்டிகள். ஆயினும், தந்தையில்லாத லயத்துக் காம்பராவில் விளக்கணைந்த பின்னும் விழித்துக் கிடக்கும் பிள்ளையின் மனத்தை நாம் போதிய அளவு எழுதினோமா?

அப்பிள்ளையின் துயரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், பிள்ளை இந்நாட்டில் பிறந்தது என்பதைப் போதுமானதாகக் கொள்ளவில்லை. தந்தை எங்கே பிறந்தான் என்று கேட்டது. அச்சட்டத்தின் பின் பிறந்த பிள்ளையாயின், தந்தை இந்நாட்டுப் பிரசையா என்று கேட்டது. தோட்டத்திலே பிறந்தவனிடம் அதை நிரூபிக்கும் பத்திரம் ஏது? பாசத்துக்குரிய தந்தை, பிள்ளையின் நாட்டைப் பறிக்கும் காரணமாக்கப்பட்டான். அடுத்து வந்தது 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. ஒரே குடும்பத்தினர் இரு நாட்டவராயினர். தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர்.

இத்துயரை எழுதப் புகும் எழுத்தாளர் இரு பிழைகளுக்கு ஆளாகின்றனர். தந்தையைக் குடிகாரனாக்கி நீதி புகட்டுவது ஒன்று. ஒப்பந்தத்தைச் சாடியதோடு கதையை முடித்துவிடுவது மற்றொன்று. தவறணையிலே சம்பளத்தைத் தொலைத்து வீட்டை மறந்தவன் இல்லையென்று நாம் வாதாடவில்லை. ஆனால், அவனை மட்டும் குற்றவாளியாக்குவது குடும்பங்களைப் பிரித்த கரங்களை மறைப்பதாகும். இரண்டாவது பிழை முற்போக்காளராகிய நமக்கே உரியது. பிள்ளைக்கு ஒப்பந்தம் தெரியாது. "அப்பாவுக்கு நான் வேண்டாதவன்" என்றே அது முடிவு கட்டுகிறது. அம்முடிவு தவறாக இருக்கலாம். அந்த வேதனை பொய்யன்று. காரணத்தைக் கூறிவிட்டால் கண்ணீர் காய்ந்துவிடும் என்று கருதுவது, மனிதனை விட்டுவிட்டுப் புள்ளிவிவரத்தைப் பற்றிக்கொள்வதாகும்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. எனினும் பிரிவு தீரவில்லை. தோட்டக் கூலி போதாமையால் அட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் தந்தையர் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் செல்கின்றனர். தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்கின்றனர். 'என் தந்தை' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுக்கும் ஆசிரியர், ஒரு பிள்ளை ஒன்றும் எழுதாமல் கொப்பியை மூடி வைப்பதைக் கண்டால், அதைச் சோம்பல் என்று தண்டிக்கலாகாது.

பிள்ளையின் வேதனையையும் அதன் காரணத்தையும் ஒருங்கே காணும் எழுத்தே நமக்கு வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றுவது அரைகுறை யதார்த்தமேயாகும்.