ஊவாத் தேயிலையைச் சுவைத்து மதிப்பிடும் மரபு

இலங்கையின் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் உள்ள பெயர், ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கும் கொழுந்தால் வந்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலை மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, மத்திய மலைத்தொடரைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்குகிறது. தோட்டத்து மக்கள் கச்சான் என்று சொல்லும் காற்று இதுதான். கொழும்பிலிருந்து பலாங்கொடை வழியாக வரும் நெடுஞ்சாலை பெரகலச் சந்தியில் பிரிகிறது. ஒரு கிளை கொஸ்லந்த பக்கம் இறங்குகிறது, மற்றது ஹப்புத்தளைக்கு ஏறுகிறது. அந்த ஏற்றத்தில், மலைமுகட்டின் இடைவெளியில், கச்சானின் முழு வேகத்தையும் உணரலாம்.

பகலில் வெயிலும் வறண்ட காற்றும், இரவில் கடுங்குளிர். செடி தண்ணீருக்குத் தவிக்கிறது, தளிர் மெதுவாகவே விரிகிறது, கொழுந்து குறைகிறது. அந்த நெருக்கடியில் இலைக்குள் மணப்பொருள்கள் கூடுகின்றன. அவற்றுள் முக்கியமானது மெத்தைல் சலிசிலேட். கோடாலித் தைலப் போத்தலைத் திறந்ததும் மூக்கில் ஏறும் குளிர்ந்த காரத்தில் இதற்கும் பங்குண்டு. நல்ல ஊவாக் கோப்பையில் அந்தக் குளிர்ச்சி மிக மெல்லியதாக, பூவாசனையோடு கலந்து வரும். குடித்து முடித்த பிறகும் தொண்டையில் நிற்கும். டார்ஜிலிங்கையும் சீனாவின் கீமனையும் சொல்லும் வாயால் ஊவாவையும் சேர்த்துச் சொல்வது வணிகர்களின் வழக்கமானது இதனால்தான்.

பருவத்துக்கு நடுவே மழை பிடித்துக்கொண்டால் இந்த மணம் கலைந்துவிடும். ஒரே தோட்டத்தின் இரண்டு மலைகளில், காற்று படும் பக்கத்துக் கொழுந்தும் மறைவான பக்கத்துக் கொழுந்தும் வேறு வேறு கோப்பைகளைத் தரும். ஆகவே பெப்ரவரி மாதத்து ஊவாத் தேயிலையை ஓகஸ்ட் மாதத் தேயிலையோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது நியாயமான மதிப்பீடு ஆகாது. இடமும் வாரமும் தெரிந்தே சுவைக்க வேண்டும் என்பதுதான் இந்த மரபின் அடிப்படை.

இலங்கைத் தேயிலையை ஏழு பிரதேசங்களாகப் பிரிப்பது இன்றைய வழக்கம்: நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடப்புசல்லாவ, கண்டி, சப்ரகமுவ, ருஹுணு. இதற்கு முந்திய பிரிவு உயரத்தைக் கொண்டது. ஏறத்தாழ 600 மீற்றருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை, 1,200 மீற்றருக்கு மேலே மலைநாட்டுத் தேயிலை, இடையில் உள்ளது நடுநிலம். நுவரெலியாவின் கோப்பை வெளிர்நிறம், மென்மணம். திம்புள்ளவுக்கு வடகீழ்ப் பருவக்காற்று வறண்டு வரும் ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களே நல்ல காலம். ஊவாவில் ஓகஸ்டில் நடப்பது அங்கே பெப்ரவரியில் நடக்கிறது. ருஹுணு, சப்ரகமுவத் தேயிலை கறுத்த முறுக்கு இலை, ஆழ்ந்த நிறம், கனத்த சுவை. மத்திய கிழக்கு நாடுகளில் அதற்கே மதிப்பு. ஊவாவின் பருவத் தேயிலையைத் தேடி வாங்குவோரில் ஜப்பானியரும் ஜேர்மானியரும் முக்கியமானவர்கள். தமிழ்நாட்டு நீலகிரியில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பனிக்காலத்தில் பறிக்கும் கொழுந்தும் இந்த வகையில் ஊவாவின் உறவுக்காரன்தான்: அங்கே குளிர் செய்வதை இங்கே காற்று செய்கிறது.

இந்த மரபை இங்கே கொண்டுவந்தவர்களில் ஸ்கொட்லாந்துக்காரர் பலர். லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும், கிளாஸ்கோவில் மளிகைக் கடை நடத்திய தோமஸ் லிப்டனும் அந்த நாட்டவர்கள். கோப்பி இலைத்துரு நோயால் அழிந்த பிறகு ஊவாவின் மலைகள் தேயிலைக்கு மாறின. லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னத் தொழிற்சாலை அந்தக் காலத்தது. ஒவ்வோர் ஊரின் தண்ணீருக்கும் ஏற்றபடி தேயிலையைக் கலந்து விற்றதாக அவர் விளம்பரம் செய்தார். அது வெறும் வியாபாரப் பேச்சல்ல. கடினநீரில் எந்த நல்ல தேயிலையும் மங்கிப்போகும், மேலே ஆடை படியும். மென்னீரில் அதே தூள் பளிச்சென்று இருக்கும்.

ஸ்கொட்லாந்து விஸ்கியையும் தேயிலையைப் போல இடம் பார்த்தே வகுக்கிறார்கள்: ஸ்பேசைட், ஹைலண்ட், லோலண்ட், ஐலா, கேம்பல்டவுன். மூக்கால் முதலில் அறிந்து பிறகே நாவில் வைப்பதும் இரண்டுக்கும் பொது. ஆனால் ஸ்கொச் விஸ்கி சட்டப்படி குறைந்தது 3 ஆண்டு ஓக் பீப்பாயில் இருக்க வேண்டும், வயது ஏற ஏற விலையும் ஏறும். ஊவாவின் பருவ மணத்துக்கு அந்த வசதி இல்லை. அது மாதங்கள் போகப்போகத் தேய்வது. ஏலத்துக்கு விரைவாக அனுப்பப்படுவதும் வாங்குபவர் அவசரப்படுவதும் அதனால்தான்.

சுவைப்பதற்கு எழுதப்பட்ட விதி உண்டு. ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேச நியமம் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறல் என்று வகுக்கிறது. சிறிய வெண்பீங்கான் குவளையில் சுமார் 140 மில்லிலீற்றர் பிடிக்கும். அதற்கு 2.8 கிராம். பழைய ஆங்கிலேய ஆறு பென்ஸ் நாணயத்தின் எடையும் ஏறக்குறைய இதுதான். அப்போதுதான் கொதித்த நீரையே ஊற்ற வேண்டும். நேரம் முடிந்ததும் மூடியோடு குவளையைக் கோப்பையின் மேல் படுக்கவைப்பார்கள். விளிம்பில் உள்ள பல்வெட்டு வழியாகச் சாயம் மட்டும் இறங்கும். இலையை உதறி, கவிழ்த்த மூடியின் மேல் கொட்டி வைப்பார்கள். இப்போது மூன்று பொருள்கள் வரிசையாக நிற்கின்றன: காய்ந்த தேயிலை, ஊறிய இலை, சாயம்.

காய்ந்த தேயிலையில் கறுப்பு, முறுக்கு, ஒரே அளவு, காம்பும் நாரும் இல்லாமை ஆகியவை பார்க்கப்படும். ஊறிய இலை புதிய செப்புக்காசின் நிறத்தில் இருந்தால் நல்லது. பச்சை தெரிந்தால் இலை புளித்தது போதவில்லை, மந்தமான பழுப்பானால் அளவு கடந்துவிட்டது. சாயத்தைக் கரண்டியால் அள்ளி, பலத்த சத்தத்தோடு உறிஞ்சுவார்கள். சத்தம் அநாகரிகமல்ல. காற்றோடு சேர்ந்த துளிகள் நாவெங்கும் பரவி, மணம் பின்வழியாக மூக்குக்கு ஏற வேண்டும். பிறகு துப்பிவிடுவார்கள். ஏலக் காலத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளைக் கடக்க வேண்டியவர்கள் விழுங்க முடியாது.

நாவில் தேடுவது முதலில் துடிப்பு. வாயின் பக்கங்களைப் பிடித்து விடும் உயிருள்ள துவர்ப்பு அது. அடுத்தது கனம், நிறம், பளிச்சிடல், கடைசியில் மணம். ஊவாவில் இந்த வரிசை தலைகீழாகிறது, மணமே முதலில் வருகிறது. நல்ல தேநீர் ஆறும்போது பால் கலந்ததுபோல் கலங்கும். தியாஃபிளேவினும் கஃபீனும் சேர்ந்து படிவதால் வரும் கலக்கம் அது. புதிதாகக் குடிப்பவர் இதைக் குறை என்று ஒதுக்குவார். தேர்ந்தவர் அதைப் பார்த்துத் திருப்திப்படுவார்.

குறைகளும் கோப்பையிலேயே தெரியும். உலர்த்தியில் சூடு மிஞ்சினால் கருகல், குறைந்து இழுபட்டால் அவிந்த சுவை, அடுப்பில் கசிவு இருந்தால் புகை வாடை, ஈரம் ஏறினால் பூஞ்சை நாற்றம். சுவைப்பவர் ஒருவகையில் தொழிற்சாலைக்குள் நடந்ததைத் திரும்பச் சொல்கிறார்.

அந்தத் தொழிற்சாலையை, தோட்டத்து வாயில் இஸ்டோரை, விட்டுவிட்டு ஊவாவின் சுவை பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சு. மேல்மாடிகளில் இரவெல்லாம் கொழுந்து வாடுகிறது. குளிர் விடுவதற்குள் விடியலுக்கு முன்பே ரோலருக்கு இறக்குகிறார்கள். பருவக் காலத்தில் கூடுதலாக வாட்டி, புளிக்கவைக்கும் நேரத்தைக் குறைப்பது வழக்கம். நேரம் நீண்டால் நிறம் கூடும், மணம் போகும். புளிக்கும் இலையில் முதலில் பச்சைப் புல் வாசனை, பிறகு பழ வாசனை. எந்த நிமிடத்தில் உலர்த்திக்கு அனுப்புவது என்பதைக் கையில் ஒரு பிடி எடுத்து முகர்ந்து சொல்கிற டீமேக்கரும் தொழிலாளியும் தேயிலையின் முதல் மதிப்பீட்டாளர்கள். கொழும்பில் கரண்டி பிடிப்பவருக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு அவர்களுக்கும், காற்றில் நின்று இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளிய பெண்களுக்கும் சேர வேண்டியது. மடுவத்தில் நிறுக்கும்போது கூடைக்குள் முற்றிய இலை இருந்தால் அடுத்த நாள் எந்தத் திறமையும் அதை மறைக்காது.

கொழும்பில் முதல் பொது ஏலம் 1883 ஜூலை 30இல் சமர்வில் நிறுவனத்தின் அலுவலகத்தில் நடந்தது. இன்று தரகு நிறுவனங்கள் ஒவ்வொரு தேயிலைத் தொகுதியையும் சுவைத்து மதிப்பிட்டு ஏலப்பட்டியலில் சேர்க்கின்றன. வாங்குபவர் தம் மேசையில் அதை மறுபடி சுவைக்கிறார். இருவர் நோக்கும் வேறு. தரகர் இந்த வாரச் சந்தையில் அதன் இடத்தைக் கணிக்கிறார். கலவை செய்பவரோ தம் பெட்டியின் மாறாத சுவைக்கு அது பொருந்துமா என்று பார்க்கிறார். பருவத் தேயிலையைத் தனியாக விற்பதே அதற்குச் செய்யும் மரியாதை. பத்து வகைத் தேயிலைக்குள் கரைத்தால் அந்த மணம் காணாமல் போகும். 2020 முதல் ஏலம் இணையவழிக்கு மாறியது. சுவைப்பது மட்டும் மேசையில்தான்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவை இன்னொரு பள்ளி. அங்கே சாயத்தண்ணி கடுப்பாக இருக்க வேண்டும். இஞ்சி தட்டிப் போடுவார்கள், சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டோ கருப்பட்டியைக் கடித்துக்கொண்டோ குடிப்பார்கள். சாயத்தில் இனிப்புக் கலக்காததால் துவர்ப்பும் துடிப்பும் மறையாமல் தெரிகின்றன. தேயிலையை அறிவதற்கு இது சரியான முறை.

வீட்டில் ஊவாவின் பருவத் தேயிலையைச் சோதிக்க விரும்புவோர் பி.ஓ.பி. அல்லது பி.ஓ.பி.எஃப். தரத்தில், தோட்டப் பெயர் போட்டதை வாங்குவது நல்லது. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை, உள்ளே இருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்பதற்கு அடையாளம். பறித்த பருவத்தைக் கடையில் கேட்டறிய வேண்டும். முதல் கோப்பையில் பாலும் சீனியும் வேண்டாம். சற்று ஆறவிட்டுக் குடித்தால் மணம் தெளிவாக வரும். மிச்சத்தை இறுக்கமான தகரப் பேணியில், மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் இருக்கும் தட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தேயிலை அயல் வாசனையை மிக விரைவாக இழுத்துக்கொள்ளும்.